வசனம் புரிய இரண்டு பெட்டி போதும்

எங்கள் வீட்டில் படம் ஓடும்போது இரண்டு குரல் கேட்கும். ஒன்று டிவி, இன்னொன்று அம்மா. "என்னப்பா சொன்னான்?" என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும். சரி என்று சத்தத்தைக் கூட்டினால் அடுத்த காட்சியில் பாட்டோ சண்டையோ வந்து காதைக் கிழிக்கும், உடனே குறைக்க வேண்டும். கொஞ்ச நாளில் அம்மா கேட்பதையே விட்டுவிட்டார். பாதிப் படத்தில் "எனக்குத் தூக்கம் வருது" என்று எழுந்து போக ஆரம்பித்தார். தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். புரியாத இடத்தில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்?

காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆடியோகிராம் எடுத்தார்கள். வயதானால் பெரும்பாலும் எல்லோருக்கும் வருவதுதான்: கீழ் அலைவரிசைகள் பரவாயில்லை, மேலே போகப் போகக் கோடு சரிந்துகொண்டே போகிறது. காதுக் கருவி வாங்கினோம். வெளியே போகும்போது போட்டுக்கொள்கிறார், வீட்டுக்குள் வந்ததும் கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறார். ஆக, டிவி பக்கம் என்ன செய்ய முடியும் என்று பார்க்கத் தொடங்கினேன். சில மாதம் படித்ததும் செய்து பார்த்ததும்தான் இந்தக் குறிப்பு. எங்கள் வீடு கோட்டக்குப்பத்தில். புதுச்சேரியிலிருந்து ஈசிஆரில் வடக்கே எல்லை தாண்டினால் வரும் ஊர், கிழக்கே கடல். ஹால் 12 அடிக்கு 10 அடி, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. ஊரில் நிறைய ஹால்கள் இதே அளவுதான் என்பதால் கணக்கு உங்களுக்கும் பொருந்தலாம்.

டிவி ஏன் முணுமுணுக்கிறது

பழைய டப்பா டிவியில் ஸ்பீக்கர் முன்பக்கம் பார்த்து இருக்கும். அதற்குப் பின்னால் காற்று அசைய இடமும் இருக்கும். இன்றைய டிவி விரல் கனம்தான். ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலோ பார்க்கிறது, ஒலி சுவரில் பட்டுத் திரும்பித்தான் நம்மிடம் வருகிறது.

இதில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்துகள். கட்டு, தட்டு, பட்டு என்ற மூன்று சொல்லையும் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் முதல் எழுத்தின் தொடக்கத்தில் மட்டும்தான், அதுவும் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். அந்தச் சின்ன வெடிப்பொலியின் அடையாளம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. உயிரெழுத்தின் பலம் கீழே இருக்கிறது. அதனால்தான் காது மங்கியவர்கள் "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னு புரியல" என்கிறார்கள். சத்தத்தைக் கூட்டினால் உயிரெழுத்தும் சேர்ந்துதான் கூடும். தெளிவு கூடாது.

படத்தின் ஒலிக்கலவையும் ஒரு காரணம். 1995-ல் வந்த குருதிப்புனலைத்தான் டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வந்த முதல் இந்தியப் படம் என்று சொல்வார்கள். 2012-ல் சிவாஜி 3டி-யோடு அட்மாஸ் வந்தது. தியேட்டரில் இந்த முறைகளிலெல்லாம் வசனத்துக்குத் திரைக்குப் பின்னால் நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு. இசையும் வெடிச்சத்தமும் பெரும்பாலும் மற்ற ஸ்பீக்கர்களுக்குப் போகும். அந்தக் கலவை டிவிக்குள் இருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களுக்குள் ஒன்றாகத் திணிக்கப்படும்போது வசனம் அடியில் அமுங்கிவிடுகிறது.

5.1 செட் ஏன் கைகொடுக்கவில்லை

முதலில் எங்களிடம் ஒரு 5.1 செட்தான் இருந்தது. மச்சான் துபாயிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. ஐந்து குட்டி ஸ்பீக்கர், ஒரு பெரிய சப்வூஃபர். பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் வாட் போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் பிஎம்பிஓ என்று இருந்தது. பிஎம்பிஓ என்பது ஒரு கணப்பொழுதில் உச்சமாக என்ன வரலாம் என்பதை ஆளாளுக்கு ஒரு விதமாகக் கணக்குப்போட்டு எழுதும் எண். அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்வது ஆர்எம்எஸ். அந்த எண் இல்லாத பெட்டியை நான் இப்போது தொடுவதில்லை.

உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருந்தது. இரண்டரை அங்குல ஸ்பீக்கரால் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பலமாகப் பேச முடியாது. கீழே உள்ளதையெல்லாம் சப்வூஃபர்தான் தூக்க வேண்டும். ஆண் குரலின் அடித்தளமோ ஏறக்குறைய 85-லிருந்து 180 ஹெர்ட்ஸ் வரை. 80 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காது கண்டுபிடிக்கத் தொடங்கிவிடும். விளைவு என்னவென்றால், கதாநாயகன் வாயசைப்பது டிவியில், குரலில் பாதி சோபாவுக்கு அடியில். அம்மா அடிக்கடி சோபா பக்கம் திரும்பிப் பார்ப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

செட் கெட்டது என்று சொல்ல வரவில்லை. பாட்டுக்கு நன்றாகவே குலுங்கியது. ஆனால் ஆறு பெட்டிக்குப் பிரித்துக்கொடுத்த காசில் எந்தப் பெட்டிக்கும் முழுக்குரல் கிடைக்கவில்லை. அதே காசை இரண்டு பெட்டியில் போட்டால் என்ன ஆகும்? அங்கேதான் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் வருகிறது.

புத்தக அலமாரியும் பிபிசி வேனும்

1950-களின் தொடக்கம் வரை ஆழமான ஒலி வேண்டுமென்றால் பீரோ அளவு பெட்டி வேண்டும். 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். காற்றுப் போகாமல் மூடிய பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்தது. பெட்டி சிறுத்தது, அலமாரியில் ஏறியது. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 1970-களில் பிபிசி செய்த எல்எஸ்3/5ஏ. வெளியிடங்களிலிருந்து ஒலிபரப்பும்போது பொறியாளர்கள் வேனுக்குள் உட்கார்ந்து ஒலியைச் சரிபார்க்க வேண்டும். பெரிய பெட்டி வைக்க இடமில்லை. ஒரு அடி உயரம், ஏழரை அங்குல அகலத்தில் ஒரு பெட்டி செய்தார்கள். அதில் ஆழமான பாஸ் வராது. மனிதக் குரல் மட்டும் இயல்பாக இருக்க வேண்டும், அவர்களுக்கு அதுதான் முக்கியம். சின்ன இடம், பக்கத்தில் உட்காரும் ஆள், பேச்சு புரிய வேண்டும். எங்கள் ஹாலின் தேவையும் இதேதான்.

இன்று கடையில் கிடைப்பதில் ஐந்து முதல் ஆறரை அங்குல வூஃபரும் மேலே ஒரு ட்வீட்டரும் உள்ள ஜோடியைத் தேடுங்கள். 50, 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆண் குரல் முழுக்க ஒரே பெட்டியிலிருந்து வந்துவிடும்.

எத்தனை வாட் வேண்டும்

நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஸ்பீக்கரின் பின்தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 85 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 85 டெசிபல் என்று அர்த்தம். நான் உட்காருவது இரண்டரை மீட்டர் தள்ளி. திறந்தவெளிக் கணக்குப்படி 8 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் பாடுவதால் 3 கூடும். ஆக, வெறும் ஒரு வாட்டில் 80 டெசிபல். சாதாரணப் பேச்சு 60, 65 டெசிபல்தான். பத்து மடங்கு சக்தி கொடுத்தால் பத்து டெசிபல் கூடும் என்பதால் 10 வாட்டில் 90. நல்ல ஆர்எம்எஸ் 30 முதல் 50 வாட் உள்ள ஆம்ப் இந்த ஹாலுக்குத் தாராளம். ஆயிரம் வாட்டை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கத்தான் முடியும்.

ஆம்ப் தனியாக வேண்டாம் என்றால், ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு வகை உண்டு. ஒரே இடத்தில் முடிந்துவிடும். நான் தனி ஆம்ப் எடுத்தேன். ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பதற்காக.

இணைப்பில் கவனிக்க வேண்டியவை

டிவியிலிருந்து ஒலியை வெளியே எடுக்க இரண்டு நல்ல வழி: எச்டிஎம்ஐ ஏஆர்சி, அல்லது ஆப்டிகல் கேபிள். ஏஆர்சி இருந்தால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. புளூடூத் வேண்டாம், உதடும் குரலும் ஒட்டாது.

இணைத்ததும் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் பயப்படாதீர்கள். டிவி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தில் பிசிஎம் என்று மாற்றுங்கள். அப்போது டிவியே 5.1-ஐ இரண்டாகக் கலந்து கொடுக்கும், நடு ஸ்பீக்கரின் வசனத்தை இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பிரித்துப்போடும். அங்கேயே சரவுண்ட், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நைட் மோட் இருந்தால் போட்டுப் பாருங்கள். மெல்லியதையும் பெரியதையும் கிட்டக் கொண்டுவரும், ரிமோட்டைத் தேடும் வேலை குறையும்.

ஒயருக்கு ஆடம்பரம் தேவையில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஃப்ளெக்சிபிள் ஒயர் போதும். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்வர மின்தடை 0.13 ஓம் அளவுதான், 8 ஓம் ஸ்பீக்கரில் இரண்டு சதவீதம்கூட இல்லை. சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு போகட்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும். பாஸ் காணாமல் போகும், வசனம் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி அலையும்.

அம்மாவின் நாற்காலி

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான்.

இரண்டு ஸ்பீக்கரில் ஒரே குரல் ஒரே நேரத்தில் வந்தால், அது நடுவில் டிவியிலிருந்து வருவதாக மூளை எடுத்துக்கொள்ளும். இல்லாத ஒரு நடு ஸ்பீக்கர் அங்கே நிற்கும். ஆனால் கேட்பவர் இரண்டுக்கும் சமதூரத்தில் இருக்க வேண்டும். ஒலி நம் ஊர் வெயிலில் நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. ஒரு பெட்டி ஒரு அடி கிட்டே இருந்தால் அதன் ஒலி 0.9 மில்லிநொடி முந்தி வரும். அந்த முந்தல் போதும், குரல் அந்தப் பக்கமே ஒட்டிக்கொள்ளும். முதலில் வரும் ஒலியைத்தான் காது திசையாக எடுத்துக்கொள்கிறது. 1949-ல் ஹெல்முட் ஹாஸ் இதை ஆராய்ந்து எழுதியதால் ஹாஸ் விளைவு என்றே பெயர்.

அம்மாவின் நாற்காலி எப்போதும் வாசல் பக்கம். கடல் காற்று அங்கேதான் வரும். டிவிக்கு நேர்நடுவிலிருந்து மூன்றடி இடப்பக்கம். டேப் வைத்து அளந்தேன். இடது பெட்டி எட்டேகால் அடி, வலது பெட்டி பத்தேகால் அடி. இரண்டடி வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 1.8 மில்லிநொடி. நான் சோபா நடுவில் உட்கார்ந்து "ஆகா, எவ்வளவு தெளிவு" என்று ரசித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவுக்கு எல்லாமே இடது பெட்டியிலிருந்து மட்டும் வந்திருக்கிறது. யாருக்காக வாங்கினேனோ அவருடைய இடத்தில் போய் உட்கார்ந்து ஒருமுறைகூட நான் கேட்டுப் பார்த்திருக்கவில்லை.

"கொஞ்சம் நடுவுல வந்து உக்காருங்கம்மா" என்றேன். "அங்க காத்து வரலப்பா" என்றார். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு டிவியைக் கழற்றி வேறு சுவருக்கு மாற்றினேன். நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது, அது இப்போது நடு இடம் ஆகிவிட்டது. ஓரமாக உட்காரும் நான் தான் இனி சமாளித்துக்கொள்ள வேண்டும். பெட்டிகளை உள்பக்கமாகத் திருப்பி, இரண்டின் பார்வையும் நாற்காலிக்குக் கொஞ்சம் முன்னால் வெட்டிக்கொள்ளும்படி வைத்தால் ஓரத்திலும் ஓரளவு சரியாகிறது. ஓரத்தில் இருப்பவருக்குக் கிட்டே உள்ள பெட்டி முகம் திருப்பிக்கொள்ளும், தூரத்தில் உள்ளது நேராகப் பார்க்கும்.

மற்ற அளவுகள் எளிது. நீங்கள் உட்காரும் தூரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு அல்லது கொஞ்சம் குறைவு, இரண்டு பெட்டிக்கும் இடைவெளி. சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி இருக்கட்டும். மூலை வேண்டாம், பாஸ் ஊதிப்போய்க் குரலை மூடும். பெயர் புக்ஷெல்ஃப் என்பதற்காகச் சாமான்களுக்கு நடுவே அலமாரியில் செருகாதீர்கள். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். நம் வீடுகளில் பாதிப் பேர் தரையில், பாதிப் பேர் நாற்காலியில். தரையில் காது உயரம் இரண்டேகால் அடி, நாற்காலியில் மூன்றரை அடி. நான் எட்டு அங்குல ஹாலோ பிளாக் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன்மேல் வைத்தேன். ட்வீட்டர் இரண்டே முக்கால் அடிக்கு வந்தது. பழைய ரப்பர் செருப்பை வெட்டி நாலு மூலைக்கும் துண்டு வைத்து, முன்பக்கம் மட்டும் இரட்டைத் துண்டு. லேசாக அண்ணாந்து பார்க்கிறது, அதிர்வும் கல்லுக்கு இறங்கவில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மட்டும் இப்படி அடுக்காமல் சுவரில் தாங்கி அடித்துவிடுங்கள்.

அறையும் பேசுகிறது

இவ்வளவு செய்தும் பேச்சு முழுசாகத் தெளியவில்லை. ஹால் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினேன். "டங்ங்" என்று இழுத்தது. கான்கிரீட், பூச்சு, டைல்ஸ் எதுவும் ஒலியை விழுங்காது. ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின்மேல் விழுகிறது. நல்ல காதுக்கே கஷ்டம்.

இதற்குக் கணக்குப்போடக் கற்றுக்கொடுத்தவர் ஹார்வர்டில் இருந்த வாலஸ் சபைன். 1895-ல் எதிரொலியால் பேச்சே புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து, ஒவ்வொன்றாகப் பரப்பி, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். அவர் கண்ட சூத்திரம்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை விழுங்கும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும்.

என் ஹால் 34 கனமீட்டர், சுவர் தரை கூரை சேர்த்து 63 சதுர மீட்டர். அவை விழுங்குவது சுமார் 3 சதவீதம், அதாவது 1.9 சதுர மீட்டர். கணக்குப்போட்டால் கிட்டத்தட்ட 3 நொடி. சாமான் எதுவுமில்லாத காலி அறைக்கான எண் அது. வீட்டு ஹாலுக்கு அரை நொடியோ அதற்குக் கீழோ இருந்தால் நல்லது.

பின்சுவரில் ஆறடிக்கு நாலடி இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைத் துணி போர்த்திச் சாய்த்தேன், அது ஏறக்குறைய 1.5. ஐம்பது சதுர அடிக்கு மடிப்பு மடிப்பாகக் கனமான திரை, 2.3. உட்கார்ந்திருக்கும் நாலு பேர், 1.8. மனித உடம்பும் ஒலியை நன்றாகவே விழுங்கும். கடைசியாகச் சபைனே அலகாக எடுத்துக்கொண்ட பொருள், திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராது என்பதால் அது நூறு சதவீதம். நாலடிக்கு நாலடி ஜன்னல் 1.5. மொத்தம் 9. எதிரொலி 0.6 நொடிக்கு இறங்கிவிடுகிறது. தோராயக் கணக்குதான், ஆனால் கைதட்டினால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. ஜன்னலைத் திறந்தால் ஈசிஆர் வண்டிச் சத்தம் வரும் என்பது மட்டும் குறை. ராத்திரி ஒன்பதுக்கு மேல் பரவாயில்லை.

சப்வூஃபர் வேண்டுமா

முதல் ஆறு மாதம் வேண்டாம். பத்தடி அகல அறையில் 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி தானாகவே முழங்கும், அகலத்தில் அரை அலை சரியாகப் பொருந்திவிடுவதால். இருக்கிற பாஸ் போதும் என்று பல வீடுகளில் தோன்றிவிடும். பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள். 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிடுங்கள், குரலுக்குள் வராது. ஊருக்கு ஏற்ற ஒரு யோசனை: தரையில் வைக்காமல் ஒரு கல் உயரமாவது ஏற்றி வையுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம் கரையேறியபோது தரையில் இருந்த மின்சாமான்கள் என்ன ஆயின என்று சுற்றுவட்டாரத்தில் கேட்டால் சொல்வார்கள்.

உப்புக் காற்று

கடையில் இதை யாரும் சொல்வதில்லை. இங்கிருந்து மரக்காணம் உப்பளம் வரைக்கும் இரும்பு சாமான் எல்லாவற்றுக்கும் ஒரே கதிதான். ஸ்பீக்கருக்கு நான் செய்வது இவ்வளவு. வாங்கும்போது கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா, நுரையா என்று பார்க்கிறேன். நுரை ஈரத்திலும் வெயிலிலும் சில வருஷத்தில் பொடிந்துவிடும். பழைய பெட்டி வாங்குவதானால் அந்த வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பெட்டிகள் பெரும்பாலும் மரத்தூள் பலகைதான், வீடு துடைக்கும் ஈரம் பட்டால் அடி உப்பிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை ஒயர் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி முறுக்கினால் போதும். பின்னால் துவாரம் உள்ள பெட்டி என்றால் பயன்படுத்தாத நாட்களில் பருத்தித் துணியால் மூடுங்கள். பல்லிக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது.

எதற்கு முதலில் செலவழிப்பது

என் அனுபவத்தில் வரிசை இப்படி. முதலில் யாருக்குப் புரிய வேண்டும், அவர் எங்கே உட்காருகிறார் என்று முடிவு செய்யுங்கள். அதற்குக் காசு இல்லை. அடுத்து மெத்தை, திரை. வீட்டிலேயே இருக்கும். பிறகு நல்ல ஜோடி ஸ்பீக்கர், அப்புறம் ஆம்ப். கடைசியில் ஒயர். சப்வூஃபர் பட்டியலிலேயே இல்லை. இவ்வளவுக்கும் பிறகு ஓரத்தில் உட்காருபவர்கள் அதிகம் என்றால், டிவிக்குக் கீழே நடு ஸ்பீக்கர் ஒன்று சேர்க்கலாம். அதற்கு ஏவி ரிசீவர் வேண்டியிருக்கும், அது தனிச் செலவு.

ஸ்பீக்கர் காதுக்கு வைத்தியம் இல்லை. அம்மா இப்போதும் கேட்கிறார், வேகமாகப் பேசும் படம் என்றால் இரண்டு மூன்று தடவை. ஆனால் கடைசி வரை உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் பழைய படம் ஒன்று ஓடியது. வசனத்துக்கு அவர் சிரித்துவிட்டார், எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை. ஓரத்தில் இருந்தேன். "என்னம்மா சொன்னான்?" என்று கேட்டேன்.